காங்கிரஸ் நூலகத்தில் தமிழ் தேடுவோருக்கு ஒரு வழிகாட்டி

வாஷிங்டனில் அமெரிக்க நாடாளுமன்றக் கட்டடத்துக்கு எதிரே தெருவைக் கடந்தால் காங்கிரஸ் நூலகம். காங்கிரஸ் என்றால் அங்கே நாடாளுமன்றம். பெயரைப் பார்த்துவிட்டு, இது எம்.பி.க்களுக்கான இடம், நமக்கு உள்ளே என்ன வேலை என்று பலர் ஒதுங்கிவிடுகிறார்கள். ஒதுங்கவே வேண்டாம். 16 வயது நிரம்பிய எவரும், எந்த நாட்டுக்காரராக இருந்தாலும், புகைப்படம் உள்ள அரசு அடையாள அட்டை ஒன்றைக் காட்டி இலவசமாக வாசகர் அட்டை வாங்கிக்கொள்ளலாம். அப்புறம் உள்ளே உட்கார்ந்து, தமிழ்நாட்டில் எந்த நூலகத்திலும் சுலபமாகக் கிடைக்காத பழைய தமிழ்ப் புத்தகத்தைக்கூடக் கேட்டு வாங்கிப் படிக்கலாம். வாஷிங்டனுக்குப் போகவே முடியாதவர்களுக்கும் வீட்டில் இருந்தபடி செய்துகொள்ள நிறைய இருக்கிறது.

எழுத்தாளர்கள், ஆய்வு மாணவர்கள், தாத்தா எழுதிய ஒரே நாவலைத் தேடிக்கொண்டிருப்பவர்கள், அமெரிக்காவில் வேலைக்குப் போய் வார இறுதியில் தலைநகரைச் சுற்றிப் பார்க்க வருபவர்கள் எல்லோரையும் மனதில் வைத்து இதை எழுதுகிறேன். முதலில் கொஞ்சம் வரலாறு. அது தெரிந்துவிட்டால் நூலகத்தின் பாதி விதிகள் தாமாகவே புரிந்துவிடும்.

தமிழ்ப் புத்தகம் அங்கே எப்படிப் போனது

தலைநகரை பிலடெல்பியாவிலிருந்து வாஷிங்டனுக்கு மாற்றும் சட்டத்தில் 1800 ஏப்ரல் 24 அன்று அதிபர் ஜான் ஆடம்ஸ் கையெழுத்திட்டார். அந்தச் சட்டத்தின் ஒரு பிரிவில், காங்கிரஸுக்குத் தேவைப்படும் புத்தகங்கள் வாங்க 5,000 டாலர் ஒதுக்கியிருந்தார்கள். லண்டனிலிருந்து 740 புத்தகங்களும் 3 வரைபடங்களும் கப்பலில் வந்து இறங்கின. உறுப்பினர்கள் சட்டம் இயற்றும்போது புரட்டிப் பார்க்க ஒரு சிறிய அலமாரி, அவ்வளவுதான் அப்போதைய எண்ணம்.

1814 ஆகஸ்ட் 24 அன்று பிரிட்டிஷ் படை நாடாளுமன்றக் கட்டடத்துக்குத் தீ வைத்தது. சேர்த்து வைத்திருந்த சுமார் 3,000 புத்தகங்கள் போயின. அடுத்த மாதமே முன்னாள் அதிபர் தாமஸ் ஜெஃபர்சன், தன் வாழ்நாள் முழுக்கச் சேர்த்த சொந்த நூலகத்தை விற்க முன்வந்து கடிதம் எழுதினார். அவருக்குக் கடன் தொல்லையும் இருந்தது. அந்தத் தொகுப்பில் சட்டமும் அரசியலும் மட்டுமா இருந்தன? சமையல், கட்டடக்கலை, இசை, தாவரவியல் என்று எல்லாம் இருந்தன. கிரேக்கம், லத்தீன், பிரெஞ்சு, இத்தாலியன், ஸ்பானியப் புத்தகங்களும் இருந்தன. காங்கிரஸில் எதிர்ப்பு கிளம்பியது. உறுப்பினர்கள் பலருக்குப் படிக்கவே தெரியாத மொழிகளில் உள்ள புத்தகங்களுக்கு எதற்குப் பணம் என்பது வாதங்களில் ஒன்று. ஜெஃபர்சன் தன் கடிதத்திலேயே அதற்குப் பதில் சொல்லியிருந்தார்: காங்கிரஸ் உறுப்பினர் ஒருவருக்கு ஏதாவது ஒரு சமயத்தில் தேவைப்படாத துறை என்று உலகில் எதுவுமே இல்லை. கீழவையில் 81-க்கு 71 என்ற வாக்கில் தீர்மானம் தப்பிப் பிழைத்தது. 1815-இல் 6,487 தொகுதிகளை 23,950 டாலர் கொடுத்து வாங்கினார்கள். பத்து வண்டிகளில் ஏற்றி அனுப்பினார்களாம்.

இந்த நூலகத்தைப் பற்றி ஒரே ஒரு விஷயம்தான் நினைவில் வைக்க முடியும் என்றால், அந்த வாக்கெடுப்பை வைத்துக்கொள்ளுங்கள். பத்து ஓட்டு வித்தியாசத்தில், எல்லா மொழியும் எல்லாத் துறையும் நாடாளுமன்றத்துக்கு வேண்டும் என்று முடிவானது. இன்று சுமார் 470 மொழிகளில் 17 கோடிக்கும் மேற்பட்ட பொருள்கள் அங்கே இருப்பதற்கும், அதில் தமிழ் ஒன்றாக இருப்பதற்கும் அடித்தளம் அங்கேதான் இருக்கிறது.

அதற்குப் பிறகும் ஒரு பெரிய இழப்பு நேர்ந்தது. 1851 கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் புகைபோக்கிக் கோளாறால் தீப்பிடித்து 55,000 தொகுதிகளில் 35,000 அழிந்தன. ஜெஃபர்சனின் புத்தகங்களில் மூன்றில் இரண்டு பங்கு அதோடு போயிற்று. பிறகு இரும்பால் ஒரு புதிய கூடம் கட்டினார்கள்.

நூலகத்தைத் தேசிய நூலகமாக மாற்றியவர் 1864 முதல் 1897 வரை தலைமை நூலகராக இருந்த ஐன்ஸ்வொர்த் ராண்ட் ஸ்பாஃபர்ட். காப்புரிமை வேண்டும் என்றால் இரண்டு பிரதிகளை இந்த நூலகத்துக்குக் கொடுக்க வேண்டும் என்று 1870-இல் சட்டம் வரவைத்தார். அமெரிக்காவில் அச்சாகும் புத்தகம், வரைபடம், இசைக்குறிப்பு, புகைப்படம் எல்லாம் வந்து குவியத் தொடங்கின. வைக்க இடமில்லாமல் தரையெல்லாம் குவியல் ஆனது. தனிக் கட்டடம் வேண்டும் என்று அவர் ஆண்டுக்கணக்கில் கெஞ்சினார். 1897 நவம்பர் 1 அன்று திறந்த அந்தக் கட்டடம்தான் இன்று ஜெஃபர்சன் கட்டடம் என்று பெயர் பெற்று, சுற்றுலாப் பயணிகள் அண்ணாந்து படம் எடுக்கும் குவிமாடத்தோடு நிற்கிறது. பின்னால் ஆடம்ஸ் கட்டடம், 1980-இல் மேடிசன் கட்டடம் என்று இன்னும் இரண்டு சேர்ந்தன.

சரி, தமிழ்? பெரியவர்களுக்கு பி.எல். 480 என்றால் கோதுமை ஞாபகம் வரும். 1954-இல் அமெரிக்கா கொண்டுவந்த அந்தச் சட்டத்தின்படி இந்தியா வாங்கிய தானியத்துக்கு டாலர் கொடுக்க வேண்டியதில்லை, ரூபாயாகவே கட்டலாம். அந்த ரூபாய் இந்தியாவிலேயே மலைபோல் சேர்ந்தது. 1958-இல் ஒரு திருத்தம் கொண்டுவந்து, அதில் ஒரு பகுதியை அந்தந்த நாட்டுப் புத்தகங்கள் வாங்கச் செலவழிக்கலாம் என்றார்கள். 1962-இல் காங்கிரஸ் நூலகம் புதுதில்லியில் ஒரு கிளை அலுவலகம் திறந்தது. இந்திய மொழிகள் அனைத்திலும் நாவல், கவிதை, வரலாறு, அரசு அறிக்கை, வார இதழ் என்று வாங்கினார்கள். வாஷிங்டனுக்கு ஒரு பிரதி போனது. திட்டத்தில் சேர்ந்திருந்த சிகாகோ, பெர்க்லி போன்ற அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கும் பிரதிகள் போயின. கோதுமைக்கு நாம் கொடுத்த ரூபாய் தமிழ்ப் புத்தகமாகக் கப்பலேறியது. அந்த ரூபாய் தீர்ந்த பிறகும் நூலகங்கள் தங்கள் சொந்தப் பணத்தில் கூட்டாக வாங்குவதைத் தொடர்ந்தன. தில்லி அலுவலகம் இன்றும் வேலை செய்கிறது. இலங்கையில் வெளியாகும் தமிழ்ப் புத்தகங்களையும் சேர்க்கிறது.

500 பிரதி அச்சிட்டு, மறுபதிப்பே காணாமல், எழுதியவரின் வீட்டிலும் செல்லரித்துப்போன எத்தனையோ புத்தகங்கள் அங்கே பத்திரமாக இருக்கின்றன. அது எனக்கு மிகப் பெரிய விஷயமாகப் படுகிறது. இனி தேடும் வேலைக்கு வருவோம்.

முதலில் வீட்டிலிருந்தே தேடுங்கள்

நூலகத்தின் அட்டவணை இணையத்தில் எல்லோருக்கும் திறந்திருக்கிறது. கணக்கு எதுவும் தொடங்க வேண்டாம். ஆனால் தமிழ் தேடுவோர் பலர் இங்கேதான் தோற்றுப்போகிறார்கள். ஒன்றும் இல்லை என்று வந்ததும் புத்தகமே இல்லை என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். பெரும்பாலும் புத்தகம் இருக்கும், எழுத்துக்கூட்டல்தான் வேறு.

பழைய பதிவுகளில் தமிழ் எழுத்து இருக்காது. தலைப்பையும் ஆசிரியர் பெயரையும் ஆங்கில எழுத்தில், நூலகர்களுக்கென்று வகுத்த ஒரு முறைப்படி எழுதியிருப்பார்கள். நாம் வாட்ஸாப்பில் தட்டும் தங்கிலீஷுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அந்த முறை ஒலியைப் பார்க்காது, எழுத்தை மட்டும் பார்க்கும். இதை மனதில் பதித்துக்கொண்டால் போதும், மற்றதெல்லாம் சுலபம்.

தமிழ் ‘ச’ எங்கே வந்தாலும், எப்படி ஒலித்தாலும், ‘காங்கிரஸ்’ என்று ஆங்கிலத்தில் எழுதும்போது முதலில் வரும் எழுத்துதான். சுந்தரம், சிறுகதை, சோழர் எல்லாமே அந்த எழுத்தில்தான் தொடங்கும். ‘த’வுக்கு ‘தமிழ்’ என்பதன் ஆங்கில முதல் எழுத்து மட்டும். பின்னால் எச் சேர்க்கக் கூடாது. கதை, கவிதை, புதுமை என்று எங்கே ‘த’ வந்தாலும், அது ‘து’வாகவோ ‘தை’யாகவோ வந்தாலும், இதே கதைதான். ‘க’ எப்படி ஒலித்தாலும் ‘கேரளா’வின் முதல் எழுத்து. ‘ப’ எப்படி ஒலித்தாலும் ‘பாரிஸ்’ நகரத்தின் முதல் எழுத்து. ‘ழ’வுக்கு நாம் வழக்கமாகப் போடும் இஸட், எச் இரண்டும் கிடையாது, அடியில் கோடிட்ட எல் எழுத்து. ‘ள’வுக்கு அடியில் புள்ளி வைத்த எல். ‘ற’வுக்கு அடிக்கோடிட்ட ஆர். நெடிலுக்கு எழுத்தை இரட்டிக்காதீர்கள், மேலே ஒரு கோடுதான் போடுவார்கள். நல்ல வேளையாக இந்தப் புள்ளியும் கோடும் தேடும்போது தேவையில்லை. வெறும் எழுத்தைத் தட்டினாலே போதும். ஜ, ஷ, ஸ, ஹ போன்ற கிரந்த எழுத்துகளுக்கு மட்டும் அவற்றின் ஒலிக்கு நெருக்கமான ஆங்கில எழுத்து வரும்.

இன்னொரு சிக்கல் சொற்களைப் பிரிப்பதில். தமிழில் சேர்த்து எழுதும் தலைப்பை அட்டவணையில் பிரித்திருக்கலாம், பிரித்ததைச் சேர்த்திருக்கலாம். முழுத் தலைப்பையும் தட்டாமல், அதில் உள்ள தெளிவான ஒரே சொல்லையும் ஆசிரியர் பெயரின் ஒரு பகுதியையும் போட்டுத் தேடுங்கள். முதலெழுத்து முன்னே வந்ததா பின்னே வந்ததா என்ற கவலையும் இதனால் போய்விடும். மிகப் புகழ்பெற்ற சிலரின் பெயரும், ஊர்ப் பெயர்களும் மட்டும் வழக்கமான ஆங்கில எழுத்துக்கூட்டலில் இருக்கும். அதனால் ‘தஞ்சாவூர்’ என்ற சொல் தலைப்பில் வந்தால் ஒரு மாதிரியும், அதே புத்தகத்தின் பொருள் தலைப்பில் (புத்தகம் எதைப் பற்றியது என்று நூலகர்கள் சேர்க்கும் சொற்களில்) வேறு மாதிரியும் எழுதப்பட்டிருக்கும். இரண்டையும் முயன்று பாருங்கள்.

ஒரு புத்தகம் கிடைத்துவிட்டால் அதன் பதிவை முழுதாகத் திறந்து, அதில் உள்ள பொருள் தலைப்புகளைக் கவனியுங்கள். அவை சுட்டிகளாகவே இருக்கும். அழுத்தினால் அதே பொருளில் உள்ள மற்றவை வரிசையாக வரும். எனக்குத் தெரிந்து புதிய புத்தகங்களைக் கண்டுபிடிக்க இதைவிட நல்ல வழி இல்லை. அதேபோல் இருப்பிட எண்ணையும் பாருங்கள். காங்கிரஸ் நூலகத்தின் வகைப்பாட்டில் மொழியும் இலக்கியமும் ‘பி’ வகுப்பு (‘பாரிஸ்’ நகரத்தின் ஆங்கில முதல் எழுத்து), அதில் ‘பி.எல்.’ பிரிவில் ஆசிய, ஆப்பிரிக்க மொழிகள். ‘பி.எல். 4751’ தொடங்கி சில எண்கள் தமிழுக்கு உரியவை. தனித்தனி தமிழ் எழுத்தாளர்களின் படைப்புகள் ‘பி.எல். 4758.9’ என்ற எண்ணில் சேரும். பல அமெரிக்கப் பல்கலைக்கழகங்களும் இதே வகைப்பாட்டைத்தான் பயன்படுத்துகின்றன. ஆகவே அங்கே அலமாரிக்கு நேரே போய் நிற்க முடிந்தால் இந்த எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு தமிழ் வரிசையைக் கண்டுபிடித்துவிடலாம்.

நூலகரிடம் கேளுங்கள்

பலர் தவறவிடும் படி இது. நூலகத்தின் தளத்தில் நூலகரிடம் கேள்வி கேட்க ஒரு படிவம் இருக்கிறது. ஆசியப் பிரிவைத் தேர்ந்தெடுத்து எழுதினால், தெற்காசியத் தொகுப்பைக் கவனிப்பவர்களுக்குப் போகும். கட்டணம் இல்லை. நீங்கள் எந்த நாட்டில் இருந்தும் கேட்கலாம். சில வேலை நாள்களில் பதில் வரும்.

கேட்கும் விதம் முக்கியம். ‘தமிழ் நாடகம் பற்றி என்ன இருக்கிறது’ என்று எழுதினால் பொதுவான பதில்தான் வரும். நான் இதைத் தேடுகிறேன், இன்ன காலகட்டம், அட்டவணையில் இந்த இந்தச் சொற்களைப் போட்டுப் பார்த்தேன், இவை கிடைத்தன, இது கிடைக்கவில்லை, இன்ன தேதியில் நேரில் வருகிறேன் (அல்லது வர இயலாது) என்று ஆறேழு வரியில் எழுதுங்கள். அவர்களுக்கு அட்டவணையில் ஏறாத மைக்ரோஃபிலிம் (பக்கங்களைச் சிறிதாக்கிப் படம் பிடித்த பிலிம் சுருள்), சிறு வெளியீடுகளின் தொகுப்பு போன்றவையும் தெரிந்திருக்கும். புத்தகம் கட்டடத்தில் இருக்கிறதா, வெளியூர்க் கிடங்கில் இருக்கிறதா என்றும் சொல்வார்கள். இந்தக் கடைசி விஷயம் பயணத் திட்டத்தையே மாற்றக்கூடியது. மேரிலாந்தில் ஃபோர்ட் மீட் என்ற இடத்தில் நூலகத்துக்குப் பெரிய சேமிப்புக் கிடங்குகள் இருக்கின்றன. அங்கிருந்து வர வேண்டிய புத்தகத்தை, காலையில் போய் மதியம் படிக்கலாம் என்று நம்பிப் போகாதீர்கள். முன்கூட்டியே கேட்டு வைத்துவிட்டுப் புறப்படுங்கள்.

வாசகர் அட்டை

இணையத்தில் முன்பதிவு செய்துவிட்டு, நேரில் போய் அடையாள அட்டையைக் காட்டிப் புகைப்படம் எடுத்துக்கொண்டால் அட்டை கையில். இந்தியக் கடவுச்சீட்டு செல்லும். சுற்றிப் பார்க்க வருபவர்களுக்கு நேரம் குறித்த இலவச அனுமதிச் சீட்டு உண்டு. அதை வாங்கிக்கொண்டு உள்ளே போனவர்கள் படிப்பறையில் உட்காரலாம் என்று நினைத்துவிடுகிறார்கள். படிக்க வாசகர் அட்டைதான் வேண்டும். படிப்பறைகளின் நேரமும் விடுமுறையும் அவ்வப்போது மாறுகின்றன, புறப்படும் முன் தளத்தில் பார்த்துவிடுங்கள்.

போகும் நாள்

மெட்ரோவில் கேபிடல் சவுத் நிலையத்தில் இறங்கினால் நடந்தே போய்விடலாம். வாசலில் பாதுகாப்புச் சோதனை இருக்கும். பையையும் மேலங்கியையும் பொருள் காப்பறையில் வைத்துவிட்டு, மடிக்கணினி, குறிப்பேடு, பென்சில் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பென்சில் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. அரிய நூல் பிரிவிலும் கையெழுத்துப் பிரதிப் பிரிவிலும் பேனாவை அனுமதிப்பதில்லை. மூன்று கட்டடங்களையும் சுரங்கப் பாதைகள் இணைக்கின்றன. மழையோ பனியோ என்றால் அவற்றில் நடக்கலாம். முதல் முறை திசை குழம்பும், காவலரிடம் கேளுங்கள், அன்பாகவே வழிகாட்டுவார்கள்.

தமிழ்ப் புத்தகங்களுக்கு நீங்கள் போக வேண்டியது ஆசியப் படிப்பறை, ஜெஃபர்சன் கட்டடத்தில் இருக்கிறது. குவிமாடத்தின் கீழே உள்ள பெரிய படிப்பறையில் ஒரு முறையாவது உட்காருங்கள், அட்டை இருப்பவருக்கு அது உரிமை. ஆனால் வேலை நடப்பது ஆசியப் படிப்பறையில்தான். மொழி தெரிந்த நூலகர், அகராதிகள், துணைநூல்கள் எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்.

அலமாரிகளுக்கு நடுவே நாம் போய்ப் புரட்ட முடியாது. வேண்டியதை அட்டவணை வழியாகக் கேட்டால் ஊழியர் கொண்டுவந்து தருவார். புத்தகத்தை வெளியே எடுத்துச் செல்ல முடியாது. காங்கிரஸ் உறுப்பினர்கள் போன்ற சிலருக்கு மட்டுமே இரவல். தீயில் இரண்டு முறை பெருமளவு புத்தகங்களை இழந்த நூலகம், அதுவும் பல தலைப்புகளில் ஒரே ஒரு பிரதி வைத்திருக்கும் நூலகம் என்று யோசித்தால் இந்தக் கண்டிப்பில் நியாயம் தெரியும். ஒரே சமயத்தில் நான்கைந்து புத்தகங்களுக்குக் கேட்டு வையுங்கள். ஒன்று வரத் தாமதமானாலும் மற்றதைப் படித்துக்கொண்டிருக்கலாம்.

1960-களின் தமிழ்ப் புத்தகங்கள் மலிவான தாளில் அச்சானவை. பக்கம் விரல் பட்டாலே ஒடியும். முதுகை அழுத்தி விரிக்காதீர்கள். படிப்பறைகளில் இலவச ஸ்கேனர்கள் இருக்கின்றன, யுஎஸ்பி குச்சி ஒன்று கொண்டுபோங்கள். முகவுரையையும் பதிப்பு விவரமுள்ள பக்கத்தையும் முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். அச்சகத்தின் பெயர், விலை, எத்தனையாம் பதிப்பு என்பதெல்லாம் பிற்பாடுதான் தேவைப்படும். காப்புரிமை உள்ள புத்தகத்தை முழுதாக நகலெடுத்து வெளியிட முடியாது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

வாஷிங்டனுக்குப் போக முடியாதவர்களுக்கு

அமெரிக்காவில் வேறு ஊரில் இருக்கிறீர்கள் என்றால், தில்லி அலுவலகம் வாங்கிய அதே புத்தகத்தின் இன்னொரு பிரதி சிகாகோவிலோ வேறொரு பல்கலைக்கழகத்திலோ இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. வேர்ல்டுகேட் என்ற கூட்டு அட்டவணையில் அதே எழுத்துக்கூட்டலில் தேடுங்கள். கிடைத்தால் உங்கள் ஊர்ப் பொது நூலகத்தில் போய், நூலகங்களுக்கு இடையேயான இரவல் வேண்டும் என்று கேளுங்கள். பல்கலைக்கழக நூலகங்கள் பெரும்பாலும் அனுப்பிவைக்கும். தமிழ்நாட்டிலோ இலங்கையிலோ இருப்பவர்கள் காங்கிரஸ் நூலகத்தின் நகலெடுப்புப் பிரிவுக்குக் கட்டணம் செலுத்திக் குறிப்பிட்ட பக்கங்களைப் பெறலாம். கட்டணம் கொஞ்சம் கடிக்கும். அதனால் நூலகரிடம் கேட்டு, எந்தப் பக்கங்கள் என்று தீர்மானித்த பிறகு கேளுங்கள்.

இலவசமாகக் கிடைப்பதும் உண்டு. புகைப்படப் பிரிவின் பழைய இந்தியப் படங்கள், வரைபடங்கள் நிறைய இணையத்தில் ஏறியிருக்கின்றன. ஒவ்வொன்றின் கீழும் பயன்பாட்டு உரிமை பற்றிய குறிப்பு இருக்கும். புத்தகத்திலோ வலைத்தளத்திலோ போடும் முன் அதைப் படியுங்கள். தில்லி அலுவலகம் 2000-ஆம் ஆண்டில் தொடங்கிய ஒலிப்பதிவுத் திட்டம் ஒன்றில், தெற்காசிய எழுத்தாளர்கள் தங்கள் படைப்பைத் தாங்களே வாசிக்கிறார்கள். தமிழ் எழுத்தாளர்களும் அதில் இருக்கிறார்கள். இன்று நம்மிடையே இல்லாத ஓர் எழுத்தாளரின் குரலைக் கேட்கும்போது ஏற்படும் உணர்வை எழுதிக் காட்ட முடியாது. கேட்டுப் பாருங்கள்.

நாடாளுமன்றத்துக்காக எழுதும் ஆராய்ச்சிகளைப் படிப்பது

இதுவரை புத்தகத்தைப் பற்றிப் பேசினோம். ஆனால் காங்கிரஸ் நூலகத்தின் அசல் வேலை, சட்டம் இயற்றுபவர்களுக்குத் தகவல் தருவது. விஸ்கான்சின் மாநிலத்தில் சட்டமன்றத்துக்கென்று ஆராய்ந்து குறிப்பு எழுதித் தரும் நூலகம் நன்றாக நடந்ததைப் பார்த்து, 1914-இல் இங்கேயும் அப்படி ஒரு பிரிவைத் தொடங்கினார்கள். 1970-இல் அதற்கு காங்கிரஸ் ஆராய்ச்சிச் சேவை என்று பெயர் மாற்றி, சொந்தமாக ஆழமான ஆய்வு செய்யும் பொறுப்பையும் கொடுத்தார்கள். பொருளாதார வல்லுநர்கள், வழக்கறிஞர்கள், அறிவியலாளர்கள் என்று சில நூறு பேர் வேலை செய்கிறார்கள். எந்தக் கட்சிக்காரர் கேட்டாலும் பதில் சொல்வார்கள். இப்படிச் செய்யுங்கள் என்று பரிந்துரை மட்டும் செய்ய மாட்டார்கள். இந்த வழி போனால் இது, அந்த வழி போனால் அது என்று எடுத்து வைத்துவிட்டு நிறுத்திக்கொள்வார்கள். அந்தக் கட்டுப்பாட்டை நான் மிகவும் மதிக்கிறேன். இரண்டு கட்சியும் நம்பும் ஓர் இடம் நூறு ஆண்டுகளுக்கு மேல் நிலைத்திருக்க அதுவே காரணம் என்று நினைக்கிறேன்.

நீண்ட காலம் இந்த அறிக்கைகள் பொதுமக்களுக்கு நேரடியாகக் கிடைக்கவில்லை. தெரிந்த உறுப்பினரின் அலுவலகத்தில் கேட்டு வாங்க வேண்டும், அல்லது அவற்றைத் திரட்டி விற்கும் தனியாரிடம் காசு கொடுக்க வேண்டும். 2018-இல் சட்டம் மாறி, அந்த ஆண்டு செப்டம்பரிலிருந்து இணையத்தில் வெளியாகின்றன. இப்போது காங்கிரஸ் டாட் கவ் தளத்தில் தேடலாம்.

புதிதாகப் படிப்பவர்கள் அறிக்கை எண்ணின் முதல் எழுத்துகளைக் கவனியுங்கள். ‘ஐ.எஃப்.’ என்று தொடங்கினால் இரண்டு பக்கச் சுருக்கம், அதிலிருந்து தொடங்குவதே நல்லது. ‘ஆர்’ என்று தொடங்குபவை நீண்ட அறிக்கைகள். ‘எல்.எஸ்.பி.’ என்பது சட்டம், நீதிமன்றத் தீர்ப்பு பற்றிய குறுங்கட்டுரை. எச்-1பி விசா, இந்திய-அமெரிக்க உறவு, இலங்கை நிலவரம் பற்றியெல்லாம் இருக்கின்றன. ஒரே அறிக்கையைப் பல முறை திருத்தி வெளியிடுவார்கள், மேலே உள்ள தேதியைப் பாருங்கள், பழைய வடிவங்களும் அங்கேயே இருக்கும். நீண்ட அறிக்கையின் அடிக்குறிப்புகளைத் தாண்டிப் போகாதீர்கள். எந்தச் சட்டம், எந்த விசாரணைக் குழு, எந்தப் புள்ளிவிவரம் என்று மூலத்துக்கே கொண்டுபோய் விடும். இவை அமெரிக்க அரசின் ஆக்கங்கள் என்பதால் காப்புரிமை கிடையாது, மேற்கோள் காட்டலாம், மொழிபெயர்க்கலாம். வெளியாரிடமிருந்து எடுத்துச் சேர்த்த படமோ அட்டவணையோ இருந்தால் அதற்கு மட்டும் தனி அனுமதி தேவைப்படும்.

இந்தச் சேவையிடம் பொதுமக்கள் கேள்வி கேட்க முடியாது, அது காங்கிரஸுக்கு மட்டும். சட்டம் சார்ந்த கேள்வி என்றால் 1832-இல் தொடங்கிய சட்ட நூலகப் பிரிவுக்கு எழுதுங்கள். வெளிநாட்டுச் சட்டங்களையும் அவர்கள் சேர்க்கிறார்கள். தனிப்பட்ட வழக்குக்கு ஆலோசனை தர மாட்டார்கள். எங்கே பார்க்கலாம் என்று காட்டுவார்கள்.

கேட்ட புத்தகம் அலமாரியில் இல்லை என்று வந்தால்

இது அடிக்கடி நடக்கும், மனம் தளர வேண்டாம். இத்தனை கோடிப் பொருள்களில் சில இடம் மாறியிருக்கும், சில பழுதுபார்க்கப் போயிருக்கும், சில மைக்ரோஃபிலிமாக மாறியிருக்கும். கோரிக்கை திரும்பி வந்ததும் படிப்பறை மேசையில் சொல்லி, மறுபடி தேடச் சொல்லுங்கள். அட்டவணைப் பதிவில் அதே புத்தகத்துக்கு வேறு வடிவம் இருக்கிறதா என்று பாருங்கள். அப்போதும் கிடைக்காவிட்டால் பதிவில் உள்ள கட்டுப்பாட்டு எண்ணை (அந்தப் பதிவுக்கென்று காங்கிரஸ் நூலகம் கொடுத்த எண்) குறித்துக்கொண்டு, அந்த எண்ணை வைத்தே மற்ற பல்கலைக்கழக அட்டவணைகளில் தேடுங்கள். எழுத்துக்கூட்டல் எப்படி மாறினாலும் அந்த எண் மாறாது.